பத்தரை மணிக்கு எல்லோரும் டைகர்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் டாக்டர் வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். டாக்டர் அவருடைய மனைவி. நாய், பூனை, கிளி, முயல் என்று வீட்டில் வளர்க்கிற எதற்கும் வைத்தியம் பார்ப்பவர். கீழே கிளினிக், மாடியில் வீடு. வீட்டுக்காரருக்குத் தனியாக ஒரு வேலை இருந்தது. சமையலறை அலமாரி செய்து தரும் கம்பெனியில் அளவெடுத்து வரைபடம் போடுகிற வேலை. எந்த மூலையில் எத்தனை இழுப்பறை வரும், கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜில் இடிக்குமா இடிக்காதா என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசியில் அந்தத் தண்ணீர்தான் அவரைக் கவிழ்த்தது. ஒரு வீட்டில், துடைத்து ஈரம் காயாத சமையலறையில், அளவு நாடாவை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தவர் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார்.

முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. மாடிப்படி இறங்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலை ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தவருக்கு, பார்ப்பதற்கு ஒரு ஜன்னலும் கேட்பதற்குக் கீழேயிருந்து வரும் போன் மணியும்தான் மிச்சம்.

அந்தப் போன் மணி ஓயவே ஓயாது. வருவதற்கு நேரம் கேட்டு ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கம்பவுண்டர் இரண்டு கையாலும் ஏதாவது ஒரு நாயைப் பிடித்துக்கொண்டிருப்பார். அதனால் டாக்டரே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுவார். மாடி வரைக்கும் கணீரென்று கேட்கும்.

"ஊசி போட்டு எத்தனை மாசம் ஆச்சு? ஞாபகம் இல்லையா? உங்க பிறந்தநாள் ஞாபகம் இருக்கில்ல? எத்தனை வாட்டி சொல்றது? சரி, வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வீட்டின் கஷ்டத்துக்கெல்லாம் காரணம் அந்தப் போன்தான்.

டாக்டருக்கு ஒரு தங்கை. வேறு ஊரில், பெரிய கம்பெனி ஒன்றில், செல்போனில் நாம் அழுத்துகிற திரைகளை வடிவமைக்கிற வேலை. அத்தானின் காலை விசாரிக்க அவள் ஒரு நாள் கூப்பிட்டாள்.

"கால் எப்படி இருக்கு அத்தான்?"

"கால் நல்லாத்தான் இருக்கு. மிச்ச உடம்புதான் வேலையில்லாம கெட்டுப்போகுது."

"அப்ப ஒரு வேலை தர்றேன். கிளினிக்குக்கு ஒரு ஆப் இருந்தா போன் தொல்லை விடும்னு சொல்லிட்டே இருக்கீங்கல்ல. அது எப்படி இருக்கணும்னு நீங்களே வரைஞ்சு காட்டுங்க. நாங்க ஆபீஸ்ல வரையற சாப்ட்வேரோட லிங்க் அனுப்பறேன். ஒரே பக்கத்துல எத்தனை பேர் வேணும்னாலும் சேர்ந்து வரையலாம்."

"வரையறதைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? இத்தனை வருஷமா கோடு போட்டுத்தானே சோறு தின்னுக்கிட்டு இருக்கேன்."

"அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு," என்றாள் மச்சினி.

லிங்க் வந்தது. திறந்தார். வெள்ளை வெளேரென்று ஒரு வெறும் பரப்பு. ஓரம் இல்லை, மூலை இல்லை, சுவர் இல்லை. சுவர் இல்லாத இடத்தில் அவர் இதுவரை எதையும் வரைந்ததில்லை. சும்மா ஒரு செவ்வகம் போட்டார். மௌஸின் சக்கரத்தில் விரல் பட்டது. செவ்வகம் சிறுத்துப் புள்ளியாகி மறைந்துவிட்டது. இன்னொன்று போட்டார். அதுவும் எங்கோ போனது. மதியம் வரைக்கும் செவ்வகம் போடுவதும் தொலைப்பதுமாக இருந்தார். கடைசியில் எதையோ அழுத்தித் திரையை முழுக்கச் சுருக்கியபோது, அவர் தொலைத்த செவ்வகங்கள் எல்லாம் தரையில் கொட்டிய அரிசி மாதிரி சிதறிக் கிடந்தன.

அவற்றைப் பொறுக்கி ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த விபரீதம் நடந்தது. திரையில் இன்னொரு அம்பு முளைத்தது. ஊதா நிறம். அவர் கையை மௌஸிலிருந்து எடுத்துவிட்டார். அது பாட்டுக்கு நகர்ந்தது. நேராக அவருடைய செவ்வகம் ஒன்றின் மேல் போய் நின்று, அதைப் பிடித்து இழுத்தது.

அவர் கணினியைப் படாரென்று மூடி, அதன் மேல் ஒரு தலையணையையும் வைத்துவிட்டு, மாடிப்படிப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"நம்ம கம்ப்யூட்டருக்குள்ள ஏதோ புகுந்துடுச்சு."

கீழே ஒரு பூனையின் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டிருந்த டாக்டர் நிதானமாகக் கேட்டார்.

"எலியா, பல்லியா?"

அதற்குள் செல்போன் அடித்தது. மச்சினிதான்.

"அத்தான், ஏன் ஓடிட்டீங்க? அது நான். அம்புல என் பேர் போட்டிருக்கே, பாக்கலையா?"

"பேர் போட்டிருந்தா மட்டும்? சொல்லாம கொள்ளாம ஒருத்தர் வீட்டுக்குள்ள வரலாமா?"

"சேர்ந்து வரையறதுன்னா இதுதான் அத்தான். நீங்க பண்றது எனக்குத் தெரியும், நான் பண்றது உங்களுக்குத் தெரியும்."

"அப்ப காலையிலேர்ந்து நான் செவ்வகத்தைத் தொலைச்சது?"

"ஆபீஸ்ல எங்க டீமே பாத்துச்சு," என்றாள்.

அன்று மாலையே அவர் முறையாகப் பாடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். செல்போன் திரை அளவுக்கு ஒரு சட்டம் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்குள்தான் எல்லாமே என்று மச்சினி சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. சட்டம் என்றால் சுவர். சுவர் கிடைத்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. மறுநாள் சாயங்காலத்துக்குள் நாலு திரை வரைந்து முடித்தார். மச்சினி வந்து பார்த்தாள். அவளுடைய ஊதா அம்பு நெடுநேரம் ஒரே இடத்தில் அசையாமல் நின்றது. பிறகு திரையின் ஓரத்தில் குட்டிக் குட்டி வட்டமாகக் கேள்விகள் முளைக்கத் தொடங்கின. கமெண்ட் என்று அதற்குப் பெயர்.

"இந்தப் பட்டனுக்கு எதுக்கு அத்தான் கைப்பிடி?"

"கைப்பிடி இல்லாம எப்படித் திறப்பாங்க?" என்று அவர் பதில் எழுதினார்.

"அழுத்துவாங்க. பக்கத்துல இந்த அரைவட்டம்?"

"கதவு திறக்கிற தூரம்."

"பட்டன் திறக்காது அத்தான்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கணும்."

டாக்டரையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிட்டிருந்தாள் மச்சினி. கிளினிக் அவருடையது, அபிப்பிராயம் சொல்லட்டும் என்று. ஒரு முயலுக்கும் அடுத்த முயலுக்கும் நடுவில் கிடைக்கிற அவகாசத்தில் டாக்டர் செல்போனில் எட்டிப்பார்ப்பார். முதல் திரையில் வீட்டுக்காரர் பாடுபட்டு வரைந்திருந்த நாய்ப் படத்தின் மேல் டாக்டருடைய முதல் கமெண்ட் விழுந்தது. "இதுக்கு ஏன் அஞ்சு கால்?" அது வால் என்று பதில் போனது. "வால் அங்கேர்ந்து முளைக்காது" என்று திரும்பி வந்தது. அதற்குக் கீழே டாக்டர் தொடர்ந்து எழுதிக்கொண்டே போனார். காலுக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா. கேஸ் சிலிண்டர் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். ஜன்னலை மூடுங்கள், மழை வருகிறது. வடிவமைப்புக்காக வைத்த இடத்தில் குடும்பமே நடந்தது. ஒவ்வொரு கமெண்டுக்கும் 'தீர்ந்தது' என்று ஒரு குறி போடுகிற வசதி இருப்பதை வீட்டுக்காரர் கண்டுபிடித்து எல்லாவற்றுக்கும் போட்டார். மழையில் நனைந்த திரைச்சீலையைப் பார்த்துவிட்டு டாக்டர் அந்தக் குறியை எடுத்துவிட்டார்.

அடுத்த பாடம் கொஞ்சம் சிக்கல். ஒரே மாதிரிப் பட்டன்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டாம் என்றாள் மச்சினி.

"ஒரு பட்டனைத் தாயா வெச்சுக்கங்க. மத்ததெல்லாம் அதோட பிள்ளைங்க. தாயை மாத்தினா பிள்ளைங்க எல்லாம் தானா மாறிடும்."

"எந்த வீட்டுல அப்படி நடக்குது?"

"சாப்ட்வேர்ல மட்டும்தான் அத்தான்."

அவர் நம்பவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று தாய்ப் பட்டனில் "வருக" என்று எழுதினார். நாலு திரையிலும் இருந்த எல்லாப் பட்டன்களும் "வருக" என்றன. "ரத்து செய்" என்று இருந்ததும் "வருக" என்றது. "வெளியேறு" என்று இருந்ததும் "வருக" என்றது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் எப்படியும் ஓடாது. மச்சினி வந்து சரிசெய்து கொடுத்தாள்.

ஒரு வழியாகப் படம் முடிந்தது. கடைசிப் பாடம் கம்பி இழுப்பது. முதல் திரையில் இருக்கிற பட்டனிலிருந்து ஒரு கோட்டை இழுத்து இரண்டாவது திரையில் கொண்டுபோய் ஒட்டினால், பட்டனை அழுத்தும்போது இரண்டாவது திரை வரும். இவ்வளவுதான். அவர் இழுத்தார். முதல் திரையில் வரவேற்பு. இரண்டாவதில் என்ன பிராணி என்று தேர்ந்தெடுப்பது. மூன்றாவதில் நாள். நாலாவதில் பெரிய பச்சை எழுத்தில்: "உங்கள் நேரம் உறுதி. செவ்வாய், காலை 10.30. பெயர்: டைகர்." டைகர் என்பது சும்மா இடத்தை நிரப்ப அவர் வைத்த பெயர். பத்தரை மணியும் அப்படித்தான். நாட்களில் செவ்வாய்க்கு மட்டும் கம்பி இழுத்திருந்தார். மற்ற நாட்களுக்கு இழுக்க உட்கார்ந்தபோது மாவுக்கட்டுக்குள் அரிப்பு எடுத்ததால் அதை அப்படியே விட்டுவிட்டார்.

ஓடவிட்டுப் பார்த்தார். அழுத்தினார், நகர்ந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி நகர்ந்தது. செவ்வாயை அழுத்தியதும் பச்சை எழுத்தில் உறுதி வந்தது. உடனே மச்சினியைக் கூப்பிட்டார்.

"பாத்தியா? ஆப் மாதிரியே இருக்குல்ல?"

"மாதிரிதான் அத்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன், ஆப் மாதிரியே இருக்குன்னு."

"நானும் அதைத்தான் சொல்றேன், இது மாதிரிதான்னு. பொம்மை. இனிமே இதை நாலு பேர்கிட்ட குடுத்து, அவங்களுக்குப் புரியுதா, எங்க முழிக்கிறாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாக்கணும். நான் ஒரு வாரம் வெளியூர்ல மீட்டிங். வந்து பேசிக்கலாம்."

பொம்மை என்று அவள் சொன்னதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் அந்தத் தொழிலில் இருப்பவள். தானே கற்றுக்கொண்டு ஒருவர் இப்படிச் செய்துவிட்டால் லேசாகப் பொறாமை வராமல் இருக்குமா என்று பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். நாலு பேரிடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நன்றாகப் பதிந்தது. நாலு பேருக்குத் தெரிந்தால் நல்லதுதானே. கிளினிக்குக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. அதில் லிங்கைப் போட்டு, "நம் கிளினிக்கின் ஆப் தயார். அழுத்திப் பாருங்கள்" என்று எழுதினார்.

அன்றைக்கே கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. கிளிக்கார அம்மா கைதட்டும் பொம்மை அனுப்பினார். ஆமைக்காரர், "மிக எளிது. பத்தரைக்குக் கிடைத்துவிட்டது" என்று எழுதினார். ஓர் ஆள் உயரத்துக்கு நாய் வளர்க்கிற ஒருவர், ஒன்றரை வருஷமாகக் கிளினிக் பக்கமே தலைகாட்டாதவர், "யாரிடமும் பேசாமலே வேலை முடிந்தது. நன்றி" என்று எழுதிப் பக்கத்தில் ஓர் இதயமும் போட்டிருந்தார்.

கீழே போன் மணி குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக நின்றே போனது. மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்த டாக்டர் முகத்தில் நிம்மதியைவிடச் சந்தேகம்தான் அதிகம் இருந்தது.

"ஏங்க, போனே வரலையே. லைன் கெட்டுப்போச்சா?"

"லைனெல்லாம் நல்லா இருக்கு. என் ஆப் வேலை செய்யுது."

"சரி. அப்ப யார் யார், என்னிக்கு வர்றாங்கன்னு நான் எங்க பாக்கிறது?"

 அந்தக் கேள்வி வீட்டுக்காரருக்கு வந்திருக்கவே இல்லை.

"அது பின்னாடி எங்கேயாவது சேர்ந்திருக்கும்," என்றார். "கம்ப்யூட்டர்ல எல்லாமே பின்னாடிதான் சேரும்."

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் கீழே ஒரு குட்டிநாய் எதையோ கடித்துத் துப்புகிற சத்தம் கேட்டதால் இறங்கிப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்காரர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். முதலில் அந்த ஆள் உயர நாய் தன் முதலாளியை இழுத்துக்கொண்டு தெருமுனையில் தெரிந்தது. பின்னாலேயே கூடையில் பூனையோடு ஒரு பெண். அதற்குப் பின்னால் இன்னொரு பூனை. கூண்டும் கையுமாகக் கிளிக்கார அம்மா. சின்னப் பெட்டியில் முயலோடு பள்ளிக்கூட வாத்தியார். வாடகைக் காரிலிருந்து மூன்று நாய்கள் இறங்கின. பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமையாக இருந்தது. பிறகு மெதுவாக வேறு மாதிரி இருக்கத் தொடங்கியது. எதிர்த்த கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து, இடுப்பில் கையை வைத்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தபோது, வீட்டுக்காரர் ஜன்னலின் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

கீழே குரைப்பு ஒரு பக்கம், சீறல் ஒரு பக்கம். அதற்கு மேலே கம்பவுண்டரின் குரல்.

"ஒவ்வொருத்தரா வாங்க. யாருக்கு பத்தரை மணி?"

"எனக்கு," என்று மொத்தக் கூடமும் சொன்னது.

"பிராணி பேரு?"

"டைகர்."

கம்பவுண்டர் ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்தார். எல்லாப் போனிலும் அதே பச்சை எழுத்து. கிளிக்கார அம்மாவிடம் வந்தபோது அவருக்கே பொறுக்கவில்லை.

"ஏம்மா, உங்க கிளியுமா டைகர்?"

"இல்லப்பா. ஆஸ்பத்திரியில இப்படித்தான் மாத்தி எழுதுவாங்கன்னு நினைச்சு பேசாம இருந்துட்டேன்."

அந்தக் கிளி பல வருஷமாகக் கிளினிக்குக்கு வந்து போகிற கிளி. கூட்டத்தைப் பார்த்ததும் அதற்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கம்பவுண்டரின் குரலிலேயே, "அடுத்தது யாரு, உள்ள வாங்க," என்றது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் கதவைப் பார்த்துப் பாய்ந்தது. கம்பவுண்டர் கையை விரித்து மறிக்க, நாய்கள் அவருடைய காலுக்கு இடையில் புகுந்து போயின. தள்ளி நிறுத்திவிட்டு மூச்சு வாங்குவதற்குள் கிளி மறுபடியும் அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

வீட்டுக்காரர் எலும்பு டாக்டர் சொன்னதை எல்லாம் மறந்தார். மாடிப்படியில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டி, கணினியை மடியில் அணைத்துக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே படிப்படியாக வழுக்கி இறங்கினார். கடைசிப் படிக்கு அவர் வந்து சேர்ந்தபோது எதிரில் டாக்டர் நின்றிருந்தார். கையில் ஊசி.

"பின்னாடி சேரும்னு சொன்னீங்களே," என்றார் டாக்டர். "பின்னாடி, முன்னாடி, வாசப்படி வரைக்கும் சேர்ந்திருக்கு."

வீட்டுக்காரர் திரும்பி மாடிப்படியைப் பார்த்தார்.

"நீங்க கூப்பிட்டவங்க. நீங்களே வரிசைப்படுத்துங்க. நான் உள்ள ஊசி போடறேன்."

கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். ஆள் உயர நாய் வந்து மாவுக்கட்டை மோந்து பார்த்து, யோசித்து, நல்ல வேளையாக வேறு இடம் தேடிப் போனது. அவர் கணினியைத் திறந்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். புதிதாக ஒரு வெள்ளைப் பரப்பில் இழுப்பறைகளை வரைந்தார். இன்றைக்கு ஓர் அலமாரி, நாளைக்கு ஓர் அலமாரி, வாரம் முடிய வரிசையாக. ஒவ்வோர் இழுப்பறையும் கால் மணி நேரம். பிறகு வந்திருந்த ஒவ்வொரு பிராணிக்கும் கலர் கலராக ஒரு பெட்டி. பெட்டியை எந்த இழுப்பறையில் வைப்பது என்று கேட்டால், எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அதுவும் அவருடைய காதுக்குள்.

மச்சினிக்குப் போன் போட்டார். மீட்டிங்கிலிருந்து அவள் குசுகுசுவென்று பேசினாள். நடந்ததைக் கேட்டு ஒரு நிமிஷம் அவளிடமிருந்து மூச்சு மட்டும்தான் வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இவங்க எல்லாருக்கும் இந்தப் பக்கத்தைத் திறந்து விட்டுடட்டுமா? அவங்கவங்க பெட்டியை அவங்களே வெச்சுக்கட்டும்."

"வேண்டாம் அத்தான். தயவுசெஞ்சு வேண்டாம்."

அதற்குள் அவர் குழுவில் லிங்கைப் போட்டுவிட்டார்.

திரை முழுக்க அம்புகள் மொய்த்தன. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம். பூனைக்காரப் பெண் தன் பெட்டியைத் தூக்கிப் பதினொரு மணியில் வைத்தாள். மூன்று நாய்க்காரர் அதை நாளைக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தன் மூன்றையும் திணித்தார்.

"யாரோ என் பூனையை நாளைக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க," என்று அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள்.

"யாருன்னு அம்புலயே பேர் போட்டிருக்கு," என்றார் வீட்டுக்காரர், இந்த ஒரு விஷயத்தில் அனுபவசாலி என்கிற தோரணையில்.

மூன்று நாய்க்காரர் தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு நாயை வெளியே எடுத்தார். முயல் வாத்தியார் தன் பெட்டியை விட்டுவிட்டு, மற்றவர்கள் எழுதியிருந்ததில் இருந்த எழுத்துப் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போனார். யாரோ பரப்பு முழுவதையும் ரோஜா நிறமாக்கினார்கள். வேறு யாரோ திடீரென்று எல்லாவற்றையும் அழித்தே விட்டார்கள். எல்லோரும் போனிலிருந்து நிமிர்ந்தார்கள். நாய்கள்கூட நிமிர்ந்து பார்த்தன. அந்த வெறுமையில் ஓர் ஊதா அம்பு வந்து நின்றது. மீட்டிங்கை விட்டு எழுந்து வந்த மச்சினி, பழைய நிலையை எங்கிருந்தோ தோண்டி எடுத்து, பெட்டிகளையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். கூடத்தில் கைதட்டல் எழுந்தது.

அதன் பிறகு எல்லோருக்கும் கொஞ்சம் பயம் வந்து, பயத்தில் மரியாதையும் வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டு பெட்டியை நகர்த்தினார்கள். ஆமைக்காரர், "எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லை," என்று தானாகவே வெள்ளிக்கிழமைக்கு ஒதுங்கினார். பாதிப் பேர் நாளைக்கும் அதற்கு மறுநாளைக்கும் வருவதாகக் கிளம்பிப் போனார்கள்.

ஊசி போட்டுவிட்டு வெளியே வந்த டாக்டர் அந்த ஆள் உயர நாயின் முதலாளியைக் கண்டுகொண்டார்.

"நீங்களா? ஒன்றரை வருஷமா ஆளையே காணோம். இவனுக்கு எத்தனை ஊசி பாக்கி தெரியுமா? ஒரு போன் பண்ண மாட்டீங்களா?"

அந்த மனிதர் நாய்க்குப் பின்னால் மறைந்துகொள்ளப் பார்த்தார். நாய் ஒத்துழைக்கவில்லை.

"போன் பண்ணா நீங்க திட்டுவீங்க டாக்டர். அதான். இதுல வெறுமனே அழுத்தினா போதும்னாங்க."

"நான் எப்ப திட்டினேன்?" என்றார் டாக்டர். கேட்ட தொனியில் பூனைக்காரப் பெண் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். டாக்டர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கம்பவுண்டர் கூரையைப் பார்த்தார். வாத்தியார் முயலைப் பார்த்தார். வீட்டுக்காரர் கணினித் திரையில் எதையோ தீவிரமாகத் தேடினார்.

பதில் கூண்டிலிருந்து வந்தது. டாக்டரின் குரல், அப்படியே அச்சு அசலாக.

"எத்தனை வாட்டி சொல்றது? ஞாபகம் இல்லையா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவரவர் பட்ட பாடு அவரவருக்குத்தான் தெரியும். முதலில் உடைந்தது டாக்டர்தான். ஊசியை மேஜையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. கிளி அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரரைக் கம்பவுண்டரும் வாத்தியாரும் நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் காபியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, நான் நிஜமாவே அவ்வளவு திட்டறேனா?"

எழுந்து ஓட முடியாத ஒரு மனிதனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. அவர் காபியை மெதுவாக ஆற்றினார்.

"அக்கறையாத்தான் சொல்றே," என்றார். "கொஞ்சம் சத்தமா அக்கறைப்படறே. அவ்வளவுதான்."

"இன்னிக்கு வந்ததுல பாதிக்கு மேல ஊசி போடாத கேஸ்," என்றார் டாக்டர். "உங்க பொம்மைக்குப் பயப்படாம வந்திருக்காங்க. நான் அத்தனை தடவை கத்தியும் வராதவங்க." அவர் குரலில் வருத்தமும் இருந்தது, வேறு ஏதோ ஒரு ஆறுதலும் இருந்தது. பிறகு வீட்டுக்காரரின் மடியிலிருந்து கணினியை எடுத்து, பச்சை எழுத்துத் திரையைத் திறந்து, இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினார். "உறுதி" என்பதற்குக் கீழே, "தாமதமானாலும் பரவாயில்லை, வாருங்கள்" என்று ஒரு வரி சேர்ந்தது.

அந்த வாரக் கடைசியில் மச்சினி நேரிலேயே வந்தாள். நிஜமான ஆப் ஒன்றை நண்பர்களை வைத்துச் செய்து தருவதாகச் சொன்னாள். ஆனால் கிளினிக்குக்கு வருகிறவர்கள் அதற்குள் இழுப்பறைப் பலகைக்குப் பழகிவிட்டிருந்தார்கள். தங்கள் பெட்டியைத் தாங்களே நகர்த்துவதில் அவர்களுக்கு ஒரு ருசி வந்துவிட்டது.

"இது வடிவமைக்கிற சாப்ட்வேர் அத்தான். டோக்கன் குடுக்கிறதுக்கு இதை யாரும் பயன்படுத்த மாட்டாங்க."

"இங்க பயன்படுத்தறாங்களே."

"அதான் எனக்குத் தூக்கம் வரல," என்றாள் மச்சினி. சொல்லிக்கொண்டே, யாரோ கோணலாக வைத்துவிட்டுப் போன ஒரு நாயின் பெட்டியை நேராக்கினாள்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்பினார். போன முதல் நாளே மேனேஜரிடம் புதிய யோசனையைச் சொன்னார். வாடிக்கையாளர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆபீஸுக்கு அலைய வேண்டாம். சமையலறைப் படத்தை இப்படி ஒரு பக்கத்தில் போட்டு லிங்கை அனுப்பிவிட்டால், வீட்டிலிருந்தே அவர்கள் நகர்த்திப் பார்த்துக்கொள்வார்கள். மேனேஜர் நெடுநேரம் யோசித்துவிட்டு, ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் செய்து பார்க்கலாம் என்றார்.

புதிதாக வீடு கட்டியிருந்த ஒரு கணவன் மனைவியைத் தேர்ந்தெடுத்தார்கள். லிங்க் போன சிறிது நேரத்தில் இரண்டு அம்புகள் வந்தன. கணவனின் அம்பு அடுப்பை எடுத்து உள்சுவர் ஓரமாக வைத்தது. மனைவியின் அம்பு அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலுக்குக் கீழே வைத்தது. மறுபடி சுவர். மறுபடி ஜன்னல். கமெண்ட் எதுவும் இல்லை. அடுப்பு மட்டும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர், "நாம ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார்," என்றார் வீட்டுக்காரர். "வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்."

அவர்கள் திரும்பி வந்தபோது அம்புகள் இரண்டும் போயிருந்தன. அடுப்பு ஜன்னலுக்குக் கீழே இருந்தது. உள்சுவர் ஓரமாக இன்னொரு அடுப்பு இருந்தது.